சுவருக்குள் போன வயர்

அறுபது என்ற எண்ணைக் கேட்டாலே தந்திக்கு நேற்று மாலையிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. வயசைச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அவளைப் போகவிடாமல் வழியில் குறுக்கே படுத்துக்கொண்ட அறுபது வேறு.

நேற்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக மளமளவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அடித்துத் தருகிற வேலை நம் தந்திக்கு, இருபத்திரண்டு வருஷமாக. அவள் வேகத்தைப் பார்த்து அங்கே வைத்த பேர்தான் தந்தி. இப்போது கட்டிய புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

திரையின் மேலிருந்து எழுத்துகள் கொட்டும். அவை தரையைத் தொடுவதற்குள் அடித்துத் தீர்க்க வேண்டும். அப்படி ஒரு போட்டியில் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து, ஆயிரத்துச் சொச்சம் பேரில் கடைசி நாலு பேருக்குள் வந்துவிட்டாள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் இறுதிச் சுற்று. முதல் ஆட்டத்தில் நேற்றுத் தோற்றாள்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் நடுவர் பெண் திரையில் வந்து, "மேடம், உங்க மானிட்டர் அறுபதுலதான் ஓடுது. இந்தச் சுற்று விதிப்படி நூத்தி நாற்பத்து நாலாச்சும் இருக்கணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள சரி பண்ணலேன்னா உங்களை நீக்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதாவது, எதிராளியின் திரை ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படத்தைப் புதுசாக வரைகிறது. தந்தியுடையது அறுபது தடவைதான். அவர்களுக்கு எழுத்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இவளுக்குத் தத்தித் தத்தி இறங்குகிறது.

இத்தனைக்கும் மானிட்டரை வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளை. நூற்று நாற்பத்து நான்கு ஓடும் என்று பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு கோளாறு எங்கே?

காலை பத்து மணிக்கு, லேப்டாப் பழுது பார்க்கும் தன் கடையில், மாப்பிள்ளை அத்தையின் லேப்டாப்பைக் கடை மானிட்டரில் மாட்டினார். டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தார். அறுபது, எழுபத்தைந்து, நூறு, நூற்று இருபது என்று பட்டியல் நீண்டு, கடைசியில் நூற்று நாற்பத்து நான்கு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தேர்ந்தெடுத்துவிட்டு மவுஸை ஆட்டினார். அம்புக்குறி எண்ணெய் தடவியதுபோல ஓடியது.

"அட!" என்று துள்ளிக் குதித்து, உடனே மனைவிக்குப் போன் போட்டார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்தில் யாரோ ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லேப்டாப் நல்லா இருக்கு! நூத்தி நாற்பத்து நாலு வந்துருச்சு!"

"பிரேக்கை மிதிங்க... மிதிங்க சார்! உங்களைச் சொல்லலைங்க, நீங்க சொல்லுங்க. அப்ப மானிட்டர்தான் கோளாறா?"

"அதையும் வாங்கின அன்னைக்கே டெஸ்ட் பண்ணிட்டேன்."

"லேப்டாப்பும் இல்ல, மானிட்டரும் இல்லேன்னா?"

மாப்பிள்ளை மென்று விழுங்கினார். "நடுவுல ஒண்ணு இருக்கே."

நடுவில் இருப்பது பன்னிரண்டு மீட்டர் வயர். மாமனார் போட்ட வயர்.

மாமனார் முப்பது வருஷ வயர்மேன். அவர் வீட்டில் ஒரு வயர் வெளியே தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. போன் சார்ஜர்கூட வேலை முடிந்ததும் சுருட்டி டிராயருக்குள் போய்விட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் மானிட்டர் வந்தபோது, லேப்டாப்பின் விசிறிச் சத்தம் தந்திக்குத் தொந்தரவு என்று அதை உள் அறை அலமாரியில் வைத்தார். அங்கிருந்து சுவரைக் குடைந்து, பைப் புதைத்து, வயர் இழுத்து, பூசி, பெயின்ட் அடித்து, மானிட்டரை ஹால் சுவருக்குள்ளேயே ஜன்னல் மாதிரி பதித்து, சுற்றி மரச்சட்டம் வேறு அடித்துவிட்டார். திருகாணித் தலைகளெல்லாம் பட்டிப் பூச்சுக்குள் மறைந்துவிட்டன. பின்பக்கம் கை நுழையாது, விரல்கூட நுழையாது.

"நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்களேன்."

"நானா? உங்க வயரிங் சரியில்ல மாமான்னு நான் போய்ச் சொல்லவா? கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருக்கலாம்னு பார்க்கிறேன்."

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை மனுஷனுக்கு. பன்னிரண்டு மணிக்குள் லேப்டாப்பும் ஒரு புது குட்டை வயரும் திருப்புளியுமாக மாமியார் வீட்டில் வந்து நின்றார்.

"அத்தை, மாமா சாயங்காலம்தான் வருவாரு. அதுக்குள்ள சட்டத்தைக் கழட்டி, வயரை மாத்திட்டு, மறுபடி..."

"தொடாதீங்க." தந்தி லீவு போட்டுவிட்டு, ஹாலில் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நாலு மணிக்கு..."

"தெரியும். அவர் போட்டதை அவர்தான் கழட்டணும். அவர் இல்லாதப்ப அதுல கை வெச்சா நான் ஆடவே மாட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கைக்குட்டைகூட ஆசையா வாங்கித் தந்ததில்ல மாப்ளே. மூணு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவர்கிட்டயே உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் சிமென்ட். அதை அவர் முதுகுக்குப் பின்னாடி பிரிச்சுப் போடவா?"

"அப்ப ஆட்டம்?"

"ஆட்டமும் வேணும்." இதைச் சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. "ரொம்ப வேணும். இத்தனை வருஷம் அடிச்சதுல ஒரு வரியாவது என்னோடதா? அவங்க சொல்வாங்க, நான் அடிப்பேன், கீழ கையெழுத்து அவங்க போடுவாங்க. இங்கதான் முதல் தடவையா போர்டுல என் பேரு வருது. ஜெயிக்கணும் எனக்கு."

மாப்பிள்ளை மாமனாருக்குப் போன் அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தது. மெயின் பெட்டியில் கை வைத்தால் போனை அணைத்துக் கருவிப் பைக்குள் போட்டுவிடுவது அவர் வழக்கம். நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. யார் போவது என்று கேட்கவே வேண்டாம்.

மகள் பயிற்சிக் காரையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புதிதாக எழும்பும் எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க அவள் போய் நின்றபோது மணி இரண்டே கால். அப்பா ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, அந்த ஹால் வயர்..."

"என்ன அதுக்கு? படம் வருதா?"

"வருது."

"கலர் வருதா?"

"வருதுப்பா, ஆனா..."

"அப்புறம் என்ன பாப்பா? வயர்னா ஒண்ணு போகும், இல்லேன்னா போகாது. பாதி போற வயரை நான் இந்த முப்பது வருஷத்துல பார்த்ததே இல்ல."

"அறுபது ஹெர்ட்ஸ்தான் வருதுப்பா. நூத்தி நாற்பத்து நாலு வேணும்."

அப்பா திரும்பினார். முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. "ஹெர்ட்ஸா? ஏம்மா, சுவத்துல வர்ற கரண்டே ஐம்பது ஹெர்ட்ஸ்தான். ஐம்பது உள்ள போய் நூத்தி நாற்பத்து நாலு வெளிய வருமா? யாரு, மாப்ள சொன்னாரா?"

அங்கே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்தது. லேப்டாப் தன் படத்தை வரைகிற கணக்கு வேறு, சுவரில் வருகிற கரண்டின் கணக்கு வேறு என்று அவளுக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் அவர் தோளில் கிடந்த இரண்டு வயர்ச் சுருளும் கண்ணில் பட்டன. ஒன்று மெல்லிசு, ஒன்று தடி.

"அந்த மெல்லிசு எதுக்குப்பா?"

"லைட்டுக்கு."

"தடி?"

"தண்ணி ஹீட்டருக்கு."

"எதுக்கு ரெண்டு? லைட்டுதான் எரியுதே, ஹீட்டரையும் அந்த மெல்லிசுலயே குடுத்துடுங்களேன்."

"உனக்கென்ன பைத்தியமா? தாங்குமா அது? லைட்டு கொஞ்சமாத்தான் இழுக்கும். ஹீட்டருக்கு அந்த வயர் பத்தவே பத்தாது. அதுவும் தூரம் போகப் போக இன்னும்..."

நின்றுவிட்டார்.

"அறுபதுங்கிறது லைட்டுப்பா" என்றாள் மகள் மெதுவாக. "நூத்தி நாற்பத்து நாலு ஹீட்டர். நீங்க போட்டது லைட்டு வயர். அதுவும் பன்னிரண்டு மீட்டர் தூரம்."

அப்பா ஏணி மேலேயே இரண்டு சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்விதான்.

"தந்தி என்ன சொன்னா?"

"நீங்க இல்லாம யாரும் சட்டத்தைத் தொடக்கூடாதுன்னுட்டா. நீக்கினாலும் பரவாயில்லையாம்."

மடமடவென்று இறங்கினார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். "வண்டியை எடு" என்றார். வழக்கமாக நாற்பதைத் தாண்டினாலே மகளைக் கத்துகிற மனுஷன், இன்று பாதி வழியில், "கொஞ்சம் அழுத்தித்தான் போயேம்மா, அந்த லாரிக்காரனே முந்திட்டான்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று மணி ஆக ஐந்து நிமிஷம்.

நேராகச் சுவரிடம் போனார். தான் பூசிய பட்டியைத் தானே சுரண்டினார். ஒவ்வொரு திருகாணியும் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார் போலிருந்தது. பதினாறு திருகாணி. சட்டம் கையோடு வந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடிக்க, மானிட்டரை இறக்கினார்கள்.

வயர்மேன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன், எது எங்கே போகிறதென்று உள்ளே பென்சிலில் எழுதி வைப்பார்கள், நாளைக்குத் திறக்கிறவனுக்காக. அந்தக் குழிக்குள்ளும் எழுதியிருந்தது. மாமனாரின் கோணல் கையெழுத்து. 'தந்தி உட்கார்ந்தால் கண் உயரம் 45 அங்குலம். கழுத்து வலிக்கக்கூடாது.'

தந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னைக்கு என் பின்னாடி டேப்பை வெச்சுக்கிட்டு நின்னீங்களே... எலி போச்சுன்னு சொன்னீங்களே!"

"எலியும் போச்சு" என்றார் அவர், திரும்பாமலே. காது மட்டும் சிவந்திருந்தது.

அதே குழியில் இன்னொரு காலிப் பைப்பும் இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு கம்பி முனை எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி விசாரிக்க யாருக்கு நேரம்? லேப்டாப்பைத் தூக்கி வந்து மானிட்டர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாயிற்று. பழைய வயரைப் பிடுங்கிவிட்டு மாப்பிள்ளை கொண்டுவந்த புது வயரைச் செருகியாயிற்று. படம் வந்தது. நாலு தலையும் திரைக்கு முன்னால் முட்டிக்கொண்டன.

அறுபது.

பட்டியலில் வேறு எண்ணே இல்லை.

"மறுபடி மாட்டுங்க!" என்றாள் மகள். மாட்டினார்கள். அறுபது. அணைத்துத் திறந்தார்கள். அறுபது. மணி மூன்று முப்பத்தைந்து. மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலிருந்து வயர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தவர் அவர். இப்போது சுவரும் போச்சு, மானமும் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமனார் மட்டும் பதறவில்லை. இப்போது அவர் தன் வேலையில் இருந்தார். சப்ளை எங்கே தொடங்குகிறதோ அங்கேயிருந்து விரலை வைத்துக்கொண்டு நகர்ந்தார். லேப்டாப். அதன் டைப்-சி துளை. அதில் செருகியிருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியிலிருந்து வயர். விரல் பெட்டியிலேயே நின்றது.

"மாப்ளே, காலையில கடையில டெஸ்ட் பண்ணீங்களே, அப்ப இந்தக் குட்டிப் பெட்டி நடுவுல இருந்துச்சா?"

"இல்ல மாமா, அங்க நேரா டைப்-சி வயர்லயே..." மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்ப அங்க டெஸ்ட் பண்ணது ஒண்ணு, இங்க மாட்டியிருக்கிறது ஒண்ணு. இந்தப் பெட்டி யாரு வாங்கினது?"

"நான்தான் மாமா. இந்த அடாப்டரும் அறுபதுக்கு மேல தராது போலிருக்கு. நான் பார்க்கவே இல்ல."

"விடுங்க மாப்ளே. படம் வருதுல்ல? கலர் வருதுல்ல?" என்றார் மாமனார் ரொம்பச் சாதுவாக. மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அந்த நெருக்கடியில் அப்படி ஒரு சிரிப்பு.

"சிரிச்சது போதும், மணியைப் பாருங்க!" என்று தந்தி அலறினாள். மூன்று நாற்பத்திரண்டு. நேர் வயர் கடையில் இருந்தது. போய் வர முக்கால் மணி நேரம்.

"இருங்க, இருங்க. மானிட்டர் பெட்டிக்குள்ள ஒரு வயர் வந்துச்சே? ஒண்ணரை மீட்டர்தான் இருக்கும். அதை வெச்சு என்ன பண்றதுன்னு..." என்று மாமனார் இழுத்தார்.

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"வயரையா? நானா?"

கேட்ட தந்திக்கே வெட்கமாகிவிட்டது. அந்த மனுஷன் ஒரு சாண் வயரைக்கூடத் தூக்கிப் போட்டது கிடையாது. பரணில் ஏறி, மூன்று கோணிப்பையைத் துழாவி, அழகாகச் சுற்றி நூல் கட்டிய ஒரு கறுப்புச் சுருளோடு இறங்கினார். அதில் அவர் கையாலேயே ஒட்டிய சீட்டு: 'மானிட்டர் வயர். குட்டை. உதவாது.'

இரண்டு முனையையும் மாப்பிள்ளை பார்த்தார். ஒன்று டைப்-சி. இன்னொன்று மானிட்டரில் செருகுகிற டிஸ்ப்ளே போர்ட். "மாமா! இதேதான் மாமா!" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அடாப்டர் ஒரு மூலைக்குப் பறந்தது. நேர் வயர் செருகப்பட்டது. செட்டிங் திறந்தது. இன்னமும் அறுபது என்றே காட்டியது. ஆனால் இந்தத் தடவை பக்கத்து அம்பை அழுத்தினால் பட்டியல் விழுந்தது, நீளமாக.

"நீங்களே போடுங்க" என்று தந்தி மவுஸைக் கணவரிடம் தள்ளினாள். வயர்மேன் ஒரு விரலால், சுவிட்சைத் தட்டுவதுபோல, அழுத்தினார். திரை ஒரு கணம் கறுத்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி வெளிச்சம் வந்தது.

நூற்று நாற்பத்து நான்கு!

தந்தி மவுஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தாள். "ஐயோ, என்னங்க இது, வழுக்குது!" என்று சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினாள். ஹால் நடுவில் லேப்டாப் விசிறி கொரகொரவென்று இரைந்தது. மானிட்டரிலிருந்து ஸ்டூல்வரை கறுப்பு வயர் பட்டவர்த்தனமாகத் தொங்கியது. மாமனார் அதைப் பார்த்தார். கை தானாக ஒரு கிளிப்பைத் தேடியது. பிறகு அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொங்கட்டும்" என்றார்.

நாலு மணி. நடுவர் பெண் திரையில் வந்து எண்ணைச் சரிபார்த்தாள். "ஓகே மேடம். ரெண்டாவது ஆட்டம்."

அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அப்படி அடித்தாள். எழுத்து திரையின் உச்சியில் தலை காட்டும்போதே விரல் போய் உட்கார்ந்துகொண்டது. நேற்று அவளைத் தோற்கடித்த ஆள் முப்பது எழுத்து பின்தங்கிப் போனான்.

மூன்றாவது ஆட்டம் அப்படி இல்லை. அவன் விழித்துக்கொண்டுவிட்டான். நாலு எழுத்து முந்தினான். தந்தி இரண்டைப் பிடித்தாள். அவன் மறுபடி மூன்று முந்தினான். மகள் நகத்தைக் கடித்தாள். மாப்பிள்ளை பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார். மாமனார் மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. மனைவியின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நாற்பத்தைந்து அங்குலம் சரியாக இருக்கிறதா என்று.

கடைசிப் பத்து நொடி. எழுத்துகள் கொட்டின. தந்தியின் விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. சமம். இன்னும் சமம். ஒரே ஒரு எழுத்து மூலையில் இறங்கியது, அறுபதில் பார்த்திருந்தால் தரையைத் தொட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். டக்.

ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். போர்டின் உச்சியில் அவள் பேர்.

மகள் போட்ட கூச்சலில் லேப்டாப் விசிறிச் சத்தமே அமுங்கிப்போனது. மாப்பிள்ளை மாமனாரைக் கட்டிப்பிடித்துவிட்டார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் செய்ததில்லை. தந்தி அழுதுகொண்டே சிரித்தாள். "என் பேருங்க, என் பேரு" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை.

"வாழ்த்துகள் மேடம்" என்றாள் நடுவர். "இறுதிச் சுற்று வர்ற சனிக்கிழமை. ஒரு நிபந்தனை. ஹால்ல ஆட முடியாது. தனி அறை வேணும், கதவு சாத்தியிருக்கணும், கூட யாரும் இருக்கக்கூடாது. அப்படி இடம் இருக்கா?"

தந்தியின் முகம் வாடியது. உள் அறை என்பது ஒரு கட்டிலும் அலமாரியும் நெருக்கியடித்துக் கிடக்கிற இடம், அதற்குக் கதவே கிடையாது. மாடியில் மகளுடைய பழைய அறை உண்டு. ஆனால் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வயரிங் சாமான் போட்டு வைத்திருக்கிறேன், ஏறாதே என்று கணவர் சொல்லியிருந்தார்.

"இல்லைங்க, எங்க வீட்டுல..."

"இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமனார்.

எல்லோரும் திரும்பினார்கள். சொன்ன பிறகுதான், வாய் தவறிவிட்டதென்று அவருக்கே புரிந்தது. சட்டென்று கருவிப் பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

தந்தி எழுந்தாள். சட்டம் இல்லாத மானிட்டருக்குப் பக்கத்தில் இப்போது கை நுழைந்தது. அந்தக் காலிப் பைப். அதன் வாயில் அந்தக் கம்பி முனை. பின்னால் வயர் இழுப்பதற்காக விட்டு வைக்கிற கம்பி. வயர்மேன் பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா?

"இது எங்க போகுது?"

"அதை விடு தந்தி."

அவள் விடவில்லை. பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். தலைக்கு மேலே, பூட்டிய அறைக்குள், எதுவோ தரையில் உருண்டு ஓடி நின்றது.

நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவர் காது மறுபடி சிவந்துவிட்டது.

"வேலை இன்னும் முடியல" என்றார். "ஒரு வாரம் பொறுத்துக்கோ. உன் பிறந்த நாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

"இருபத்தெட்டு வருஷம் பொறுத்தாச்சு" என்றாள் தந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சற்றுமுன் அத்தனை வேகமாக ஓடிய விரல்கள் கொஞ்சங்கூட ஆடவில்லை.

"சாவியைக் குடுங்க."